டென்ஷன் மாத்திரையும் குவார்ட்டரும் பழகிப்போகாமல் இருக்க: வரிசை தவறாமல் செய்ய வேண்டியவை

பத்து நாளைக்கு என்று எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை நான் இரண்டரை வருடம் போட்டேன். மாத்திரை தீர்ந்துபோன ராத்திரிகளில் அந்த இடத்துக்குக் குவார்ட்டர் வந்தது. இரண்டையும் விட்டு வெளியே வர எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் எங்கள் சேலத்தில் அம்மாபேட்டை விசைத்தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டு எஸ்டேட் ஆட்கள் என்று பலருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறேன். நல்ல மனவுறுதி உள்ளவர்களே சறுக்குவதைப் பார்த்தேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் இங்கே எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் வரிசைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் பல வாரமாகத் தினமும் மாத்திரை போடுபவராகவோ தினமும் குடிப்பவராகவோ இருந்தால், இதைப் படித்த வேகத்தில் இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். இரண்டுமே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவை. நேராக 7, 8 ஆகிய பகுதிகளுக்குப் போய் அவற்றை முதலில் படியுங்கள்.

முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் பழைய மருந்துச் சீட்டுகளும். தொடர்ந்து பார்க்கப்போகும் ஒரு டாக்டர். விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள்.

அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உங்களோடு உட்கார்ந்து குடிப்பவர் வேண்டாம். கத்தித் தீர்ப்பவரும் வேண்டாம், அவரிடம் நீங்கள் பொய் சொல்லப் பழகிவிடுவீர்கள். எனக்கு என் அக்கா இருந்தார். "தம்பி, இன்னைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்பார். பதில் எதுவாக இருந்தாலும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால் ஒரு நாளும் அவரிடம் குறைத்துச் சொல்லத் தோன்றியதில்லை.

1. முதலில் உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள்

நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது என்றதும் டென்ஷன் என்று முடிவு செய்துவிடுகிறோம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தச் சோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்புதான் வரும். ஒரு ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, இவ்வளவும் பார்த்துவிடுங்கள்.

காரணம் தைராய்டாக இருந்தால் டென்ஷன் மாத்திரை அதை மூடி மறைக்கும், சரிசெய்யாது. மாத்திரையை நிறுத்தும்போதெல்லாம் படபடப்பு திரும்ப வரும். நீங்களோ மாத்திரை இல்லாமல் முடியாது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

காபியையும் இந்த இடத்திலேயே கணக்கெடுங்கள். ஏற்காட்டுக் காபியை நாளுக்கு ஆறு தடவை குடித்துக்கொண்டு படபடப்புக்கு மாத்திரை தேடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். ஆறு தம்ளரை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், ஒவ்வொரு வாரமும் ஒரு தம்ளர் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

2. அட்டைகளை மேசைமேல் கொட்டி, பெயரைப் படியுங்கள்

கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைட், எடிசோலம்: இவை பழகிப்போகும் கூட்டம். தூக்கத்துக்குத் தரும் சோல்பிடெமும் கிட்டத்தட்ட அந்த வகைதான். மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேறு வகை. அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும், ஏக்கத்தை உண்டாக்காது. ஆனால் அவற்றையும் டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நம் ஊர் மெடிக்கல்களில் எஸ்சிடலோபிராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகிறது. முன்னதை மாதக்கணக்கில் போட வேண்டும். பின்னதைச் சில வாரத்தில் குறைக்க வேண்டும். ஒரே மாத்திரையில் இருந்தால் எப்படிக் குறைப்பது? "மன அழுத்த மாத்திரை, பழகாதுன்னு சொன்னாங்க" என்று ஒன்றரை வருடம் இதைப் போட்ட ஒரு அம்மாவுக்கு, உள்ளே இரண்டு மருந்து இருப்பதே தெரியாது. உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால், "டாக்டர், இதைத் தனித்தனியா எழுதித் தர முடியுமா?" என்று அடுத்த முறையே கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய அட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகள் தள்ளாட்டம் தரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும், ஞாபக மறதி கூடுவதும் இதனாலும் நடக்கிறது.

3. முதல் மாத்திரைக்கு முன்பே கடைசி மாத்திரையின் தேதியைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டாக்டர் சீட்டு எழுதும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? தினமுமா, தேவைப்படும்போதா? எப்படி நிறுத்த வேண்டும்? பதிலை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பொதுவாக இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குமேல் தினமும் நீட்டாமல் இருக்கவே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. டாக்டர் எழுதிய அளவிலேயே, ஒன்றுகூட அதிகம் போடாமல் இருந்தாலும், தினமும் போட்டால் சில வாரத்தில் உடம்பு பழகத் தொடங்கிவிடும்.

ஏற்காட்டிலிருந்து கீழே வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இந்த மாத்திரையும் சரக்கும் மூளையில் ஒரே பிரேக்கைத்தான் மிதிக்கின்றன. தினமும் மிதித்தால் மூளை ஈடுகட்ட ஆக்சிலரேட்டரைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் நேற்று அரை மாத்திரையில் வந்த தூக்கம் இன்று ஒன்று போட்டாலும் வருவதில்லை. பிரேக்கைத் திடீரென்று எடுத்துவிட்டால் கூட்டிவைத்த ஆக்சிலரேட்டர் மட்டும் மிச்சம் இருக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

4. ஒரே டாக்டர், ஒரே மெடிக்கல்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பழைய சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "அண்ணா, போன மாசம் வாங்குன அதே மாத்திரை" என்பேன். ஒரு கடையில் சீட்டைக்கூடப் பார்க்காமல் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது எனக்கு அப்போது உதவியாகத் தெரிந்தது.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம், குளோர்டயசிபாக்சைட், நைட்ரசிபாம், சோல்பிடெம் எல்லாம், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். அட்டை அட்டையாக வீட்டில் இருந்தால் கை போகும். தறியில் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பர் தன்னுடைய அட்டையிலிருந்து இரண்டு கிள்ளிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவருக்கு எழுதிய அளவு வேறு, அவருடைய உடம்பு வேறு.

5. மாத்திரையும் சரக்கும் சேரவே கூடாது

இரண்டும் ஒரே பிரேக் என்றேன். சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோன மரணங்கள் உண்டு. "மாத்திரை எட்டு மணிக்கு, சரக்கு பத்து மணிக்கு, ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டேனே" என்பார்கள். அல்பிரசோலத்தின் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 11 மணி நேரம் ஆகும். குளோனசிபாமுக்கு 30 மணி நேரத்துக்கு மேல். நேற்றைய மாத்திரை இன்றைய குவார்ட்டரோடு உள்ளே இருக்கும்.

இன்னொரு தவறு, ஒன்றின் இடத்தை இன்னொன்றால் நிரப்புவது. மாத்திரை தீர்ந்த அன்று கட்டிங் போடுவது, குடியை விட்ட வாரத்தில் தூக்க மாத்திரையைப் பிடிப்பது. மூளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் பழக்கம் அறுவதே இல்லை.

6. படபடப்பு வராத நாளில் பயிற்சி செய்யுங்கள்

மாத்திரையைக் குறைக்கும் முன்பே இதைத் தொடங்க வேண்டும். வெறுங்கையாகக் குறைத்தால் முதல் கெட்ட ராத்திரியே பழையபடி இழுத்துவிடும்.

மூச்சு: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. காலையும் மாலையும் ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு மெதுவாகும். படபடப்பு வந்தபின் முதன்முதலாக முயன்று பார்த்து "இது வேலைக்காகல" என்று விட்டவர்கள்தான் அதிகம். நீச்சலை வெள்ளத்தில் பழக முடியாது.

கடிகாரம்: திடீர்ப் பயம் தாக்கும்போது நேரத்தைப் பாருங்கள். பொதுவாகப் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய், அரை மணிக்குள் இறங்கும். வாயில் போட்ட மாத்திரை வேலை செய்யவே ஏறக்குறைய அந்த நேரம் ஆகிவிடும். தானாக இறங்கியதை மாத்திரை இறக்கியது என்று நம்பியிருக்கிறோம். நோட்டில் நான்கைந்து முறை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. முதன்முறை நெஞ்சு வலி வருகிறது, அது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் கடிகாரம் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

பயந்த இடத்துக்குப் போவது: மலைப் பேருந்து ஏறும் முன் அரை மாத்திரை போட்டுக்கொள்வார் ஒருவர். அவரைக் கூட்டிக்கொண்டு முதல் வாரம் அடிவாரம் வரை, அடுத்த வாரம் சில வளைவுகள் வரை பைக்கில் போய் நின்று, பயம் பாதியாக இறங்கும் வரை காத்திருந்து திரும்பினோம். ஆறாவது வாரம் மாத்திரை இல்லாமல் ஏரிக்கரையில் டீ குடித்தார். பயம் இருக்கும்போதே திரும்பிவிடுவதுதான் இதில் செய்யும் தவறு. அப்படித் திரும்பினால் தப்பித்தோம் என்று மூளை பதிவு செய்துகொள்ளும், பயம் இன்னும் கூடும்.

தூக்கம்: எழும் நேரத்தை மாற்றாதீர்கள். இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். சரக்கு சீக்கிரம் தூங்கவைக்கும், ஆனால் பின்ராத்திரியில் எழுப்பிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பது நேற்றைய குடி இறங்குவதால்தான். அந்தப் படபடப்புக்குத்தான் பலர் மாத்திரை கேட்டு வருகிறார்கள்.

7. குடியை அளந்து எழுதுங்கள், உடம்பு பழகிவிட்டதா என்று பாருங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் கிட்டத்தட்ட 40 கிராம். "பீர்தானே" என்று ஒதுக்கிவிட முடியாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது: காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு போட்டால் நிற்கிறது. கடை திறக்கும் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருக்கிறீர்கள். அக்டோபர் 2, ஆகஸ்ட் 15 மாதிரி கடை மூடும் நாளுக்கு முந்தின நாளே வாங்கி வைக்கிறீர்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது.

நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவது, காய்ச்சல், கடும் வியர்வை வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. வீட்டில் வைத்துத் திருநீறு பூசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு அன்றே குடியை விடுகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. தினமும் குடித்து வந்தவர் மட்டும் மாலைக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, குடியை நிறுத்தி, உடம்பு தெளிந்தபின் மாலை போடட்டும். கோவிலில் கயிறு கட்டுவதற்கும் இதே வரிசைதான்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடி மறக்கும் பொடி" எதையும் வாங்காதீர்கள். உள்ளே டைசல்பிராம் என்ற குடி நிறுத்த மருந்து இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவரின் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.

8. பழகிவிட்டால்: டாக்டரோடு சேர்ந்து குறைப்பது

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். நோட்டையும் எல்லா அட்டைகளையும் கொண்டுபோங்கள். அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், டாக்டர் கணக்கே அதை வைத்துத்தான். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446.

இரண்டும் பழகியிருந்தால், பெரும்பாலும் குடியை முதலில் நிறுத்தவைத்து, மாத்திரையை அப்புறம் குறைப்பார்கள். குடியை நிறுத்தும் அந்த ஒரு வாரத்துக்கு குளோர்டயசிபாக்சைட் மாதிரி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்த மாத்திரை அந்த வாரத்தோடு முடிய வேண்டும். "குடியை விட்டேன்ங்க, இப்போ இந்த மாத்திரை மட்டும்தான்" என்று ஒரு வருடம் கழித்துச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அதனால் 3-ஆம் பகுதியில் சொன்ன கேள்விகளை இங்கேயும் கேளுங்கள்.

மாத்திரையைக் குறைக்கும் அளவு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற கணக்கில் தொடங்கலாம். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு மெதுவாக வெளியேறும் மருந்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். கடைசிக் கால் மாத்திரைதான் மிகவும் கஷ்டம். எனக்கு எட்டு மாதத்தில் மூன்று மாதம் அதற்கே போனது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது. சீக்கிரம் வெளியேறும் மருந்தில் இது தினமும் ஒரு குட்டித் திடீர் நிறுத்தம் மாதிரி. நாள் விடாமல் அளவைத்தான் குறைக்க வேண்டும். எஸ்ஆர் என்று போட்ட மாத்திரையை உடைப்பது இன்னொன்று. மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்துவிடும். குறைத்த நான்காம் நாள் வரும் படபடப்பைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று அளவைக் கூட்டிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அது குறைத்ததன் எதிரொலி, சில நாளில் அடங்கும். அடங்கவில்லை என்றால் அதே அளவில் நின்றுகொண்டு டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பமாக இருப்பவரும், முன்பு வலிப்பு வந்தவரும் ஒரு கால் மாத்திரையைக்கூடத் தாங்களாகக் குறைக்கக் கூடாது.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதுவும் இந்தக் காலத்தில் வரக்கூடியதுதான். அன்றைக்கே உங்கள் ஆளிடம் சொல்லுங்கள், 14416-க்குப் பேசுங்கள், காலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

9. சோதிக்கும் நாட்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள்

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, பங்காளி வீட்டுக் கிடா வெட்டு, தீபாவளி போனஸ், காபிப் பழம் பறிக்கும் மாதங்களின் குளிர். இந்த நாட்கள் வரும் என்று தெரியும். அந்த வாரங்களில் அளவைக் குறைக்காதீர்கள், இருக்கும் அளவிலேயே நில்லுங்கள்.

"ஒரு ரவுண்டு போடு மாமா" என்று மச்சான் நீட்டும்போது காரணம் யோசிக்க நேரம் இருக்காது. "டாக்டர் மாத்திரை சாப்பிடறேன், சேரக் கூடாது" என்பதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சீக்கிரம் கிளம்புங்கள். குளிருக்குச் சரக்கு சூடு தரும் என்பது உண்மையில்லை. தோலுக்கு ரத்தம் ஏறுவதால் சூடாகத் தெரியும், உடம்பின் உள்சூடு இறங்கும்.

வழுக்கிவிட்டால் மறுநாள் காலை தேதி, அளவு, எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். குற்றவுணர்ச்சியில் மீதி மாத்திரையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுவும் திடீர் நிறுத்தம்தான். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

10. மிச்சம் இருக்கும் அட்டை

முழுக்க நிறுத்தியபின் "அவசரத்துக்கு" என்று ஒரு மாத்திரை பர்ஸில் தங்கிவிடும். எனக்கும் தங்கியது. அது உள்ளே இருக்கும் வரை நான் தைரியமாகப் போன இடமெல்லாம் அதன் தைரியத்தில் போனதாகவே தோன்றியது. நான்கு மாதம் கழித்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, காலையில் இறக்கிய காபி டிகாஷன் சக்கையோடு பிசைந்து, ஒரு கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டார். நீங்களும் அப்படியே செய்யலாம். சக்கையோடு கலந்தால் குழந்தையோ நாயோ எடுத்து வாயில் வைக்காது.